'சில' என்றால் எத்தனை?

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பார்க்கிங், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்த பிறகு இங்கிலீஷ் கிராமரா என்று நீங்கள் பெருமூச்சு விடுவது தெரிகிறது. நான் பேசப்போவதும் நம் தண்ணீர்க் குழாயைப் பற்றித்தான்.

போன மழைக்காலத்தில் நம் குடிநீரில் கழிவுநீர் கலந்தது நினைவிருக்கும். புகார்க் கடிதம் எழுதியவன் நான். 30 வருடம் ஆபீசில் கடிதம் எழுதியவன் என்ற தைரியம். 'சில வீடுகளில் தண்ணீர் நாறுகிறது' என்பதை ஆங்கிலத்தில் 'ஃபியூ ஹவுசஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் ஆகியும் யாரும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் கடிதத்தை எடுத்துப் பார்த்து, "பெரிதாகப் பாதிப்பு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே சார்" என்றார். அவர்மேல் தப்பில்லை. நான் எழுதியதற்கு அதுதான் அர்த்தம்.

'ஃபியூ' என்று மொட்டையாக எழுதினால் 'அநேகமாக இல்லை' என்று பொருள். முன்னால் ஒரு 'எ' சேர்த்து 'எ ஃபியூ' என்றால் 'சில உண்டு'. 'க்வைட் எ ஃபியூ' என்றால் 'கணிசமாகவே உண்டு'. மூன்றிலும் இருப்பது ஒரே 'ஃபியூ'தான். பொருளோ இல்லாமையிலிருந்து ஏராளம் வரை போகிறது.

நாம் ஏன் இங்கே சறுக்குகிறோம்? தமிழில் அந்த 'எ' கிடையாது. அதனால் அது ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. ஆனால் அந்த வேறுபாடு நம்மிடமும் உண்டு. 'சில வீடுகள்' என்பதும் 'சில வீடுகளே' என்பதும் ஒன்றா? நாம் வால் பக்கம் 'ஏ' போட்டுக் குறைக்கிறோம். அவர்கள் தலைப் பக்கம் 'எ'யை எடுத்துவிட்டுக் குறைக்கிறார்கள்.

'க்வைட் எ ஃபியூ'தான் ரொம்பக் குழப்பும். 'க்வைட்' என்றால் 'மிக'. அப்படியானால் 'மிகச் சில'தானே என்று தோன்றும். இல்லை. 'வீடு கட்டி முடிக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல' என்கிறோம். சொல் கொஞ்சம், பொருள் நிறைய. அதுபோலத்தான் இதுவும்.

எண்ண முடியாதவற்றுக்கு 'லிட்டில்'. விதி அதேதான். சம்பில் 'எ லிட்டில் வாட்டர்' இருக்கிறது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தால் இரண்டு குடம் பிடித்துக்கொள்ளலாம். 'லிட்டில் வாட்டர்' என்று வந்தால் மோட்டாரைப் போடாதீர்கள், காயில் போய்விடும்.

எழுதும்போது சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். அந்த இடத்தில் 'ஹார்ட்லி எனி' பொருந்தினால் 'ஃபியூ' போடுங்கள். 'சம்' பொருந்தினால் 'எ ஃபியூ'. 'மெனி' பொருந்தினால் 'க்வைட் எ ஃபியூ'.

ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இரண்டாவது கடிதத்தில் இந்த மூன்றையுமே நான் எழுதவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். '60 வீடுகளில் 17' என்று எழுதி, கதவு எண்களையும் கீழே வரிசையாகக் கொடுத்தோம். லேஅவுட்டில் குறித்துப் பார்த்தபோது அத்தனையும் இரண்டாம் குறுக்குத் தெருவின் கிழக்குப் பக்கம். அங்கே தோண்டினார்கள். குழாய் இணைப்பு விட்டிருந்தது. 'சில' என்ற சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டியிருக்காது.

வீணாய்ப் போன அந்தப் பத்து நாளில் நம் பிளாக்கில் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இருவரும் இன்று நலம். ஆனாலும் அந்த ஒரு 'எ' எனக்கு மறக்காது.

"தமிழிலேயே எழுதியிருக்கலாமே" என்று என் மனைவி கேட்டாள். நம் மாநிலத்தில் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படியே தமிழ்தான் ஆட்சிமொழி. என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முறை மனு எழுதப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதலில் எண்ணுங்கள், பிறகு எழுதுங்கள்.