கட்டங்களுக்கு இடையே



பத்தாண்டுகளாகக் கவிதையையே பேசிவந்த இந்த மேடையில் சித்திரக்கதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கன்னித்தீவையும் இரும்புக்கை மாயாவியையும் படித்து வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மேன் எழுதி வரைந்த 'மௌஸ்'. போலந்து யூதரான அவருடைய தந்தை விளாடெக் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்தவர். அவருடைய அனுபவத்தை 1972இல் மகன் மூன்றே பக்கங்களில் வரைந்தார். பிறகு ஒலிப்பதிவுக் கருவியோடு தந்தையின் எதிரே அமர்ந்து, கேட்டுக் கேட்டு விரித்ததே இரு பாகங்களாக 1986இலும் 1991இலும் நூலாயிற்று. 1992இல் சிறப்புப் புலிட்சர் விருதும் பெற்றது. யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள் என்னும் உருவகத்தைப் பலரும் பேசிவிட்டனர். எனக்கு வியப்பளிப்பது அவருடைய பேனா.

சித்திரக்கதை ஓவியர்கள் பொதுவாக அச்சாகும் அளவினும் பெரிதாக வரைவார்கள். அச்சில் சுருங்குகையில் கோட்டின் நடுக்கம் மறைந்துவிடும். ஸ்பீகல்மேனோ அச்சாகும் அளவிலேயே, ஊற்றுப்பேனாவால் வரைந்தார். ஆகவே பக்கங்கள் ஓவியமாகத் தோன்றாமல், ஒருவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பாகத் தோன்றுகின்றன. நடுக்கம் அப்படியே இருக்கிறது.

ஓடுகிறவனை வரைந்துவிட்டு, 'அவன் ஓடினான்' என்று மேலே எழுதுவது நம் படக்கதைகளில் பழகிப்போன வீண்செலவு. சொல்லும் படமும் முரண்படும்போதுதான் இக்கலை விழித்துக்கொள்கிறது. முகாமின் வாயிலில் கைதிகள் அணிவகுத்துச் செல்கையில் இசைக்குழு வாசித்ததாக மகன் படித்திருக்கிறார். தந்தையோ, அணிவகுப்புத்தான் நினைவிருக்கிறது, இசைக்குழு எதுவும் இல்லை என்கிறார். மகன் யாரை நம்புவது? ஒரு கட்டத்தில் இசைக்குழுவை வரைகிறார். அடுத்த கட்டத்தில் நடந்து செல்லும் கைதிகளின் வரிசை அதை ஏறக்குறைய முழுவதும் மறைத்துவிடுகிறது. வரலாறும் பொய்க்கவில்லை, தந்தையும் பொய்க்கவில்லை. சொல்லாததைப் பொருளின் புறத்தே நிறுத்தும் இறைச்சியை அறிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தாய் ஆன்யாவின் குறிப்பேடுகள் வேறு கதை. அவர் 1968இல் தற்கொலை செய்துகொண்டார். குறிப்பேடுகளை விளாடெக் எரித்துவிட்டார். தாயின் குரலைப் புனைந்து அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். வாசகர்கள் கண்ணீரும் விட்டிருப்பார்கள். ஸ்பீகல்மேன் நிரப்பவில்லை. எரிந்ததை எரிந்ததாகவே விட்டார். கற்பனை வளத்தையே பெரிதாகப் போற்றும் நாம் இந்த மறுப்பையும் படைப்பாகக் கொள்வோமா என்று உங்களைக் கேட்கிறேன்.

இறுதிப் பக்கத்தில், களைத்துப் படுத்த தந்தை, போரில் மாண்ட மூத்த மகன் ரிஷ்யூவின் பெயரால் இளையவரை அழைக்கிறார். மகன் திருத்தவில்லை. அதன்கீழே பெற்றோரின் கல்லறை, அவர்கள் பெயர்கள், பிறந்த, இறந்த ஆண்டுகள். அதற்கும் கீழே ஓவியரின் கையொப்பம்: 1978–1991.