கணினி பேசாவிட்டால் எங்கே பார்ப்பது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எழுத்தை வாசித்துக் காட்டும் கணினிக் குரலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பொறியாளர் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் நம் வளாகத்தில் கண்புரை, கிளாகோமா, சர்க்கரையால் வந்த விழித்திரைப் பாதிப்பு என்று, எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ‘சார், கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க’ என்று அவர்கள் கூப்பிடும்போது போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இது வெறும் வசதி பற்றிய விஷயம் இல்லை. வங்கிக் கவுன்ட்டரில் பல வருடம் பார்த்திருக்கிறேன். கண் தெரியாதவர், தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பாஸ்புக்கை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் நல்லவராகவே இருந்தாலும், இவருடைய ரகசியம் அவரிடமும் போய்விடுகிறது. இதனால்தான் ரிசர்வ் வங்கி, புதிதாக வைக்கும் ஏடிஎம்களில் மூன்றில் ஒரு பங்காவது பேசும் இயந்திரமாக, பிரெயில் விசைகளோடு இருக்க வேண்டும் என்று 2009-இல் சொன்னது. 2014 ஜூலை 1 முதல் புதிய ஏடிஎம்கள் எல்லாமே அப்படி இருக்க வேண்டும் என்றது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் இ-கேஒய்சி முறை பற்றிய வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆக, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் கணக்கைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்வது ஒருவருடைய உரிமை. ஒரு செட்டிங் மாறிப்போனதால் அது நின்றுவிடக் கூடாது.

சரி, எப்படிப் பழுது பார்ப்பது? கம்ப்யூட்டர் வருவதற்கு முன் சாயங்காலம் கேஷ் டேலி ஆகாவிட்டால், உடனே எல்லா வவுச்சரையும் புரட்ட மாட்டோம். முதலில் வித்தியாசத் தொகையைப் பார்ப்போம். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று அதைத் தேடுவோம். தப்பின் தன்மையே அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். கணினிக் குரலும் அப்படித்தான்.

முதலில் ஒரு சோதனை வரி. நோட்பேடைத் திறந்து, ‘இன்று தண்ணீர் லாரி 12 மணிக்கு வரும்’ என்று தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பக்கத்தில் ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லையும் ஆங்கில எழுத்தில் போடுங்கள். இப்போது வாசிக்கச் சொல்லிக் காது கொடுங்கள். விண்டோஸோடு வரும் வாசிப்பான் நரேட்டர். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பேசத் தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். பலர் வைத்திருக்கும் இன்னொன்று என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கியது. இன்றுவரை இலவசம்.

ஒன்று: சத்தமே இல்லை. குரலைக் குறை சொல்லும் முன், ஏதாவது பாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். பாட்டும் கேட்கவில்லை என்றால், சத்தம் வேறு எங்கோ போகிறது. பேரன் இணைத்துவிட்டுப் போன புளூடூத் ஸ்பீக்கருக்கோ, கேபிளில் கோத்திருக்கும் டிவிக்கோ போய்க்கொண்டிருக்கும். திரையின் கீழே வலப்பக்கம் இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் போய், சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு கேட்கிறது, என்விடிஏ மட்டும் ஊமையாக இருக்கிறது அல்லது ‘பீப் பீப்’ என்கிறது என்றால், பெரும்பாலும் கை தவறி இன்சர்ட் விசையும் எஸ் விசையும் சேர்ந்து அழுந்தியிருக்கும். பேச்சை நிறுத்தவும் திரும்பக் கொண்டுவரவும் அதே விசைகள்தான். குரல் திரும்பும்வரை ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். இதற்காக மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை.

இரண்டு: ‘12’ என்கிறது, ஆங்கிலச் சொல்லைப் படிக்கிறது, தமிழைத் தாண்டிப் போய்விடுகிறது. கணினியில் தமிழ்க் குரல் இல்லை, அல்லது ஆங்கிலக் குரல் தேர்வாகி இருக்கிறது என்று பொருள். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘நேரமும் மொழியும்’ பகுதிக்குப் போய், தமிழைச் சேர்க்கும்போது அதன் பேச்சு வசதியையும் சேர்த்து இறக்க வேண்டும். அங்கே வரும் தமிழ்க் குரலின் பெயர் வள்ளுவர். இறக்கினால் மட்டும் போதாது, வாசிப்பானின் குரல் பட்டியலில் போய் அதைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். சில பழைய மென்பொருள்களின் பட்டியலில் இந்தப் புதிய குரல்கள் தெரியாது. அதற்குக் கணினியில் கோளாறு என்று அர்த்தமில்லை. என்விடிஏயோடு வரும் இஸ்பீக் என்ற குரலுக்கும் தமிழ் தெரியும். அது மனிதக் குரலைப் பதிவு செய்து உருவாக்கியது அல்ல, கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குவது. அதனால் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், ஆனால் அவசரத்துக்கு உதவும்.

மூன்று: நேற்று படித்தது, இன்று படிக்கவில்லை. எட்ஜ் பிரவுசரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ அழுத்தினால் பக்கத்தை வாசிக்கும். அதில் பல்லவி, வள்ளுவர் என்று இயல்பான தமிழ்க் குரல்கள் உண்டு. ஆனால் அவை இணையம் வழியாக வருபவை. வைஃபை போனால் குரலும் போய்விடும். கணினியிலேயே இறக்கிய குரல் ஒன்றையும் கைவசம் வைத்திருப்பது நல்லது.

நான்கு: சோதனை வரியை ஒழுங்காகப் படிக்கிறது, ஒரு குறிப்பிட்ட கடிதத்தை மட்டும் உளறுகிறது. இங்கே கணினிமேல் குற்றமில்லை, குற்றம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரியும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன் என்று ஆங்கிலக் குறிகளாகவே இருக்கிறது. தமிழ் முகமூடி போட்ட ஆங்கிலம். கண் ஏமாறும், காது ஏமாறாது. குரல் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் படிக்கும்.

ஆளுக்கொரு எழுத்துரு என்ற இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 1999-இல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்ததுதான். பிறகு 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூனிகோடில் ‘அ’ என்றால் எந்தக் கணினியிலும் ‘அ’தான். உங்கள் வாட்ஸ்அப் செய்தியெல்லாம் யூனிகோடுதான். பழைய எழுத்துருக் கோப்பு வந்தால் மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் வங்கிக் கணக்கு விவரம் உள்ள கடிதத்தை முன்பின் தெரியாத இணையதளத்தில் ஒட்டாதீர்கள்.

ஐந்து: ‘படம்’ என்கிறது, அல்லது ‘வெற்றுப் பக்கம்’ என்கிறது. அது ஸ்கேன் செய்த காகிதம், அல்லது போட்டோ. எழுத்து நம் கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, கணினிக்கு அது சுவரில் மாட்டிய காலண்டர் படம் மாதிரிதான். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தரும். ஆனால் தொகை, தேதி, கணக்கு எண் இவற்றை மூலத்தோடு ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். 3-ஐ 8 என்று எடுத்துவிடும் அபாயம் உண்டு.

ஆறு: படிக்கிறது, உச்சரிப்பு சரியில்லை. தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து இடத்துக்கேற்ப மூன்று விதமாக ஒலிக்கும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ சொல்லிப் பாருங்கள். குரல் அதை விதிகளை வைத்து ஊகிக்கிறது, பிறமொழிச் சொற்களில் தடுமாறும். என்விடிஏயில் பேச்சு அகராதி என்று ஒன்று உண்டு. தப்பாகப் படிக்கும் சொல்லையும், எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதிவைத்தால் பிறகு சரியாகச் சொல்லும். புதிதாகக் கேட்பவர்களுக்கு முதல் காரியமாக வேகத்தைக் குறைத்துக் கொடுங்கள். ‘புரியவில்லை’ என்ற புகாரில் பாதி வேகத்தால் வருவது.

இந்தத் தமிழ்க் குரல்கள் சும்மா வந்துவிடவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி.ராமகிருஷ்ணன் குழு உழைத்தது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கி, அவற்றை என்விடிஏ போன்ற வாசிப்பான்களோடு இணைத்தன. நம் ஓஎம்ஆரில் காலவாக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியும் அதில் பங்கெடுத்தது. இத்தனை பேர் உழைத்தும், நம் வளாகத்திலேயே ஒருவர் அறிவிப்பைக் கேட்க முடியவில்லை என்றால், மிச்சக் குறை நம்மிடம்தான் இருக்கிறது.

ஏனென்றால், நான்காவது, ஐந்தாவது கோளாறுகளை வீட்டில் இருப்பவர் சரிசெய்ய முடியாது. அனுப்புகிறவர்தான் செய்ய வேண்டும். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் நிறுத்தம், மழைக்கால எச்சரிக்கை எல்லாவற்றையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டி, அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறோம். மழைத் தண்ணீர் ஏறும் ஊர் இது. ‘வண்டிகளை மேட்டில் நிறுத்துங்கள், மோட்டார் நிறுத்தப்படும்’ என்ற செய்தி ஒரு வீட்டுக்கு மட்டும் ‘படம்’ என்று ஒரே சொல்லாகப் போய்ச் சேர்கிறது.

ஆகவே செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள். போட்டோ போட்டாலும் அதே செய்தியைக் கீழே தட்டச்சு செய்து போடுங்கள். வரவு செலவு அறிக்கையை அச்செடுத்து ஸ்கேன் செய்யாமல், யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பையே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். தொலைபேசி எண்ணை இடைவெளி விட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் சில குரல்கள் அதைக் கோடிக்கணக்கில் வாசிக்கும். மூன்றுக்கும் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமே நம் பெரும்பாக்கத்தில் இருக்கிறது. நம் சங்கத்து அறிவிப்புத் தமிழ் ஒரு கணினிக்குப் புரிகிற மாதிரியாவது இருக்கட்டுமே!

வீட்டில் கணினி பேசாமல் இருந்தால், சோதனை வரியை ஓடவிட்டு, என்ன கேட்டது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.