ஒளியைக் கண்ட ஓவியர்கள்

பாரிஸ் மாநகரிலே, செயின் நதியின் இடது கரையில், 1900ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியை முன்னிட்டுக் கட்டப்பெற்ற பெரியதொரு புகையிரத நிலையம் உண்டு. காலப்போக்கிற் புகைவண்டிகளின் நீளம் கூடியது. நிலையத்தின் மேடைகளோ அவற்றுக்குப் போதாமற் போயின. பல்லாண்டுகள் பயன் குன்றிக் கிடந்த அக்கட்டடம், 1986ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒர்சே நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. 'மனப்பதிவு ஓவியர்' எனப்படும் மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லி, பெர்த் மொரிசோ என்னும் அம்மையார் முதலியோரின் படைப்புக்கள் பல இன்று அங்கேதான் இருக்கின்றன. உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் தேடிச் சென்று காணும் இவ்வோவியங்கள், ஒரு காலத்தில் எள்ளி நகையாடப்பட்டவை. அவற்றை எவ்வாறு பார்த்துச் சுவைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நேயர்களே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரான்சிலே மதிக்கப்பட்ட ஓவியம் பெரும்பாலும் கூடத்தினுள் இருந்து தீட்டப்பட்டது. புராணக் கதை, வரலாற்று நிகழ்ச்சி ஆகியவற்றுக்கே முதலிடம். தூரிகையின் தடம் தெரியாதவாறு மெருகேற்றுவதே திறமை எனக் கருதப்பட்டது. 1841ஆம் ஆண்டில் ஜோன் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், வர்ணத்தை அடைத்து வைக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வர்ணங்களைக் கையோடு கொண்டு வெளியே செல்வது எளிதாயிற்று. இளம் ஓவியர் ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்கும் சென்றனர். அங்கே ஒரு தடை எதிர்ப்பட்டது. சூரியன் நிற்பதில்லை, முகிலும் நிற்பதில்லை. ஆகவே மெருகேற்ற அவகாசமின்றி, கண்ட ஒளியைக் கண்டவாறே சிறு சிறு தீற்றல்களால் விரைந்து பதிக்கலாயினர்.

1874ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாரிசில் ஒரு புகைப்படக் கலைஞரின் பழைய நிலையத்தில், இவர்கள் தாமாகவே ஒரு கண்காட்சியை நடத்தினர். அங்கு மோனே வைத்த ஒரு துறைமுகக் காட்சியின் பெயர் 'மனப்பதிவு, சூரிய உதயம்' என்பதாகும். லூயி லெருவா என்னும் எழுத்தாளர் அப்பெயரைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் 'மனப்பதிவுக்காரர்' என்று கேலி செய்து எழுதினார். வசையாக வந்த அப்பெயரே பின்னர் நிலைத்துவிட்டது.

இவ்வோவியங்களைப் பார்ப்பவர் முதலிற் செய்யவேண்டியது, நின்ற இடத்தை மாற்றுவதே. ரெனுவார் 1876ஆம் ஆண்டிலே தீட்டிய 'மூலென் த லா கலெத்' என்னும் நடன விழா ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மிக அருகே சென்றால் நீலமும் ஊதாவும் வெண்சிவப்புமான திட்டுக்களே தென்படும். சில அடிகள் பின்வாங்கினால் அத்திட்டுக்கள் யாவும் ஒன்றுகூடி, மர இலைகளின் ஊடாக வடிந்த வெயிலாக, ஆடுவோரின் தோள்களிலும் தொப்பிகளிலும் விழுகின்றன. அங்கே ஓவியர் பாதி வேலையைச் செய்து, மீதியைப் பார்ப்பவரின் கண்ணிடம் விட்டிருக்கிறார்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது நிழல். மோனேயின் 'மக்பைப் பறவை' என்னும் ஓவியத்தில், பனி மூடிய தோட்டத்துப் படலையின்மேல் கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை தனித்திருக்கிறது. வேலியின் நிழல் பனியிலே நீலமாக விழுகின்றது. நிழல் கறுப்பு என்று பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றியிருக்கும். ஆனால் வெயில் படாத இடத்துக்கும் நீல வானத்தின் ஒளி வந்து சேர்கிறது அன்றோ? பனியைக் கண்டறியாதவரும் தெளிந்த வானமுள்ள ஒரு காலைப்பொழுதிலே, கொடியில் உலரும் வெள்ளைத் துணியின்மேல் விழும் நிழலை உற்று நோக்குவாராயின், இந்த நீலத்தைத் தாமே காண்பார். இவ்வோவியத்தை 1869ஆம் ஆண்டின் அரச கண்காட்சிக்குரிய நடுவர் குழு ஏற்கவில்லை.

மூன்றாவதாக வேண்டப்படுவது பொறுமை. ருவான் நகரத்துப் பேராலயத்தின் முகப்பை மோனே ஏறக்குறைய 30 முறை தீட்டினார். வெளிச்சம் மாற மாற, ஒரு திரையை விட்டு மற்றொரு திரைக்கு மாறினார். ஒர்சேயில் அவற்றுள் ஐந்து உள்ளன. கல் ஒன்றே, காலையில் அது நீலச் சாம்பலாகவும், வெயில் ஏறியதும் பொன்னாகவும் தோன்றுகின்றது. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு விரைந்து நடப்பவர் ஐந்து ஆலயங்களைக் கண்டு திரும்புவர். அமர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பவரே ஒரு நாளின் ஒளியைக் காண்பர். ஆதலின் ஒரே நாளில் நூறு ஓவியங்களைப் பார்ப்பதினும் நான்கைந்தை நன்றாகப் பார்ப்பதே நலம்.

ரெனுவாரின் அந்த நடன விழா ஓவியம் அரசின் கைக்கு வந்த கதையும் அறியத்தக்கது. குஸ்தாவ் கையிபோத் என்பவர் செல்வர். தாமும் ஒரு சிறந்த ஓவியர். வறுமையில் வாடிய நண்பர்களின் படைப்புக்களை விலை கொடுத்து வாங்கி அவர்களைத் தாங்கியவர். தம் சேகரிப்பு முழுவதும் நாட்டுக்கே சேரவேண்டுமென 1876ஆம் ஆண்டிலே, இளமைப் பருவத்திலேயே, மரணசாசனம் எழுதினார். 1894ஆம் ஆண்டு அவர் காலமானபோது, புகழ்பெற்ற ஓவிய ஆசான்கள் சிலர் அக்கொடையைக் கடுமையாக எதிர்த்தனர். நீண்ட பேச்சுவார்த்தையின் பின்னர் அறுபதுக்கு மேற்பட்ட ஓவியங்களில் ஏறக்குறைய 40 மாத்திரமே ஏற்கப்பட்டன. மீதி குடும்பத்தாரிடமே நின்றன. அவ்வாறு கைவிடப்பட்டவற்றுள் ஒன்றான, செசான் தீட்டிய நீராடுவோர் ஓவியம் இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருக்கின்றது. இலவசமாக வந்த செல்வத்தை ஒரு நாடு தன் கையாலேயே தள்ளிவிட்டது.

தள்ளியவர்கள் கலையறியாதவர்கள் அல்லர். வரையும் முறைகளையெல்லாம் துறைபோகக் கற்றவர்கள். கற்ற ஒன்றே முடிந்த முடிபென நம்பியமையால், கண்முன் நின்ற புதுமையைக் காணாது விட்டனர். விளங்காத ஓர் ஓவியத்தின் முன் நிற்க நேரும்போது, "இதுவும் ஓர் ஓவியமா?" என்று கேட்குமுன், இரண்டடி பின்வாங்கி இன்னும் சிறிது நேரம் பார்ப்பது நல்லது. ஒர்சேயின் மேல்மாடியில் நிற்பவர்க்கு அந்த ஓவியங்கள் சொல்லித் தருவது இந்தப் பழக்கத்தையே.