நாவின் வடிவும் கண்ணின் அளவும்

இந்த அறக்கட்டளை யார் பெயரால் நடக்கிறதோ, அந்தப் பெரியவர் வாழ்நாளெல்லாம் அச்சுக் கோத்தவர். எழுத்தைப் பற்றிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று வந்திருக்கிறேன்.

ஒரு மொழிக்கு எழுத்து வகுத்தவரையும், இருக்கும் எழுத்துக்கு எழுத்துரு வரைந்தவரையும் 'எழுத்தை உருவாக்கியவர்' என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒரே வேலை அல்ல. கொரியாவில் இது பளிச்சென்று தெரியும்.

மன்னர் சேஜோங் 1443இல் 28 எழுத்துகளை வகுத்தார். 1446இல் விளக்க நூலோடு நாட்டுக்கு அளித்தார். அவற்றில் 24 இன்றும் வழக்கில் உள்ளன. 'க' ஒலிக்கான எழுத்தைப் பாருங்கள். ஒரு படுக்கைக்கோடு, அதன் வலக்கோடியிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். அடிநா எழுந்து தொண்டையை அடைக்கும் நிலை அது. அதே ஒலி மூச்சு கூடி வந்தால் நடுவே இன்னொரு கோடு சேரும். உறவுள்ள ஒலிகளுக்கு உறவுள்ள வடிவம்! எந்த ஒலி எதிலிருந்து வேறுபட வேண்டும் என்பதுதான் மன்னரின் கவலை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

உயிரெழுத்துகளில் அவர் வட்டப் புள்ளியும் வைத்தார். தூரிகை பிடித்தவர்கள் சீக்கிரமே அதைச் சிறு கோடாக்கிவிட்டார்கள். தோற்றம்தான் மாறியது, எழுத்து மாறவில்லை.

எழுத்துரு வரைபவரின் பாடு வேறு. கொரிய எழுத்துகள் தனித்தனியே வரிசையாக நிற்பதில்லை. அசை அசையாக ஒரு சதுரத்துக்குள் கூடுகின்றன. கூட்டெழுத்துகளையும் சேர்த்து, முதலில் வரும் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதி மெய் இல்லாமலும் அசை வரும். பெருக்கினால் 11,172 சதுரங்கள். அதே 'க' எழுத்து, பக்கத்தில் உயிர் நின்றால் இடப்பக்கம் சாய்ந்து நீள்கிறது. உயிர் கீழே வந்தால் குட்டையாகிறது. அசையின் அடியில் போனால் தட்டையாகப் படுக்கிறது. இத்தனை சதுரங்களும் ஒரே கை எழுதியதுபோல் கனமும் இடைவெளியும் ஒத்துவர வேண்டும். வேறுபாட்டை மன்னர் முன்பே முடித்துக் கொடுத்துவிட்டார். ஒற்றுமையைத்தான் இவர் தேடுகிறார்.

1985இல் கொரிய எழுத்துரு வடிவமைப்பாளர் ஆன் சாங்-சூ துணிந்து அந்தச் சதுரத்தையே உடைத்தார். எங்கே வந்தாலும் எழுத்துக்கு ஒரே வடிவம் என்றார்; அசைகளின் அடிவிளிம்பு ஏறி இறங்கியது. என்றாலும் கொரிய மொழி படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்கென்று தனிப் பாடம் தேவைப்படவில்லை.

நம் வீரமாமுனிவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு முன் புள்ளி பெற்ற எகரம் குறில், பெறாதது நெடில். ஓலையில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒன்றாகவே நின்றன. அவர் புள்ளியை நீக்கி, நெடிலுக்குக் காலை இழுத்து 'ஏ' ஆக்கினார். ஒரே ஒரு கீற்றுதான். ஆனால் அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் யாராவது உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.