மூப்பன் எறிந்த சாப்பா



இந்த அவைக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்ற கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து எனக்கு மகிழ்ச்சியும் கலக்கமும் சரிபாதி. இந்த நாற்காலிக்கு உரியவர்கள் பலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் நின்று தமிழில் பேச இடம் தந்த கேரள நண்பர்களுக்கு முதல் நன்றி.

வணிக மாணவர்களுக்கு முதுநிலை வகுப்பில் போட்டிச் சட்டத்தை எப்படிக் கற்பிப்பது என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3, 4 பிரிவுகள் 2009 மே 20 அன்று நடைமுறைக்கு வந்ததும், 2011 ஜூனில் நிறுவன இணைப்புகள் போட்டி ஆணையத்தின் கண்காணிப்புக்குள் வந்ததும், 2023 திருத்தம் அபராதத்தை உலகளாவிய விற்றுமுதலோடு பிணைத்ததும் நீங்கள் அறிந்தவை. அமர்வுகளில் அவற்றை விரித்துப் பேச வல்லவர்கள் வந்திருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் மாணவர் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொல்கிறார். நாளை அவர் ஒரு வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கையில் யாராவது விலைப் பேச்சை எடுத்தால், தம் மறுப்பைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வர வேண்டும். அதை நாம் கற்பிப்பதில்லை.

பொதுப்பொருளை இத்துடன் நிறுத்துகிறேன். என் மனத்தில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் ஒரு வழக்கை இந்த ஊரில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

நேற்று மாலை பஜார் சாலையில் நடந்தேன். பழைய கிடங்குகளில் சில இன்று ஓவியக் கூடங்கள். மற்றவற்றில் இன்னும் சுக்கும் மிளகும் மணக்கின்றன. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு ஒரு காலத்தில் இங்கே ஆள் எடுத்த முறைக்குச் சாப்பா என்று பெயர். வேலை தேடி வந்தவர்கள் விடியலில் திரண்டு நிற்பார்கள். கங்காணியான மூப்பன் உலோக வில்லைகளை அள்ளிக் கூட்டத்துக்குள் எறிவான். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, அடித்துப் பிடித்து, வில்லையை எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை. எடுக்காதவன் வீட்டில் அன்றைக்கு உலை இல்லை. தொழிலாளர் போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. கே.எம். சிதம்பரன் அந்த வாழ்வை நாடகமாக்கினார். ராஜீவ் ரவியின் ‘துறைமுகம்’ 2023-இல் அதைத் திரையில் கொண்டுவந்தது.

நாம் போட்டியைப் படிக்கிறவர்கள். பாடநூல் வரைந்துகாட்டும் முழுப்போட்டி அந்தக் கரையில் தினமும் நடந்தது, தொழிலாளர் பக்கத்தில் மட்டும். வேலை கொடுத்தவர்கள் பக்கத்தில் போட்டி இல்லை. தங்களுக்குள் நடந்த அந்தப் போட்டியை நிறுத்தவே தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தார்கள். போட்டியைக் குறைப்பதற்கென்றே செய்துகொண்ட ஓர் உடன்பாட்டை நம் சட்டம் எந்தக் கண்ணால் பார்க்கிறது?

1969-ஆம் ஆண்டின் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் (எம்.ஆர்.டி.பி.) சட்டத்துக்கு இதில் தெளிவு இருந்தது. தொழிலாளர்கள் தங்கள் நியாயமான பாதுகாப்புக்காக அமைத்துக்கொண்ட சங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3-ஆவது பிரிவு விலக்கு அளித்தது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வாசகம் இல்லை. பழைய சட்டத்தைச் செத்த சட்டம் என்று பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். அதனால் இப்படி ஒரு விலக்கு இருந்து மறைந்தது என்பதே நம் மாணவருக்குத் தெரியாமல் போயிற்று.

சங்க உடன்பாட்டைப் பற்றிய அந்தக் கேள்விக்கு நண்பர்கள் சொல்லும் விடையை அறிவேன். இயக்குநர் வினயனோடு பணியாற்றக் கூடாது என்று நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் தடுத்ததற்காக, 2017 மார்ச் 24 அன்று போட்டி ஆணையம் மலையாளத் திரை நடிகர் சங்கமான அம்மா அமைப்புக்கு 4,00,065 ரூபாயும் திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெஃப்கா அமைப்புக்கு 85,594 ரூபாயும் அபராதம் விதித்தது. தொழிற்சங்கம் என்ற வாதம் எடுபடவில்லை. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அந்தத் தீர்ப்பு சரி. ஒரு மனிதனின் தொழிலை மூட ஊரே கைகோத்தால் அதைச் சங்க உரிமை என்று சொல்ல என் நா எழாது.

அந்தத் தீர்ப்பிலிருந்து ‘தொழிற்சங்கத்துக்கும் விலக்கில்லை’ என்று ஒரு வரிச் சூத்திரம் வடித்தோமே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். மகாபாரதம் தொடரை வங்காள மொழியில் மொழிமாற்றம் செய்து ஒளிபரப்புவதை எதிர்த்த கலைஞர்கள், தொழில்நுட்பக் கலைஞர்களின் ஒருங்கிணைப்புக் குழு வழக்கில், 2017 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி சிக்ரி எழுதிய தீர்ப்பை முழுவதும் படியுங்கள். அந்தக் குழு வெறும் தொழிற்சங்கமாக நிற்கவில்லை, தயாரிப்பாளர், விநியோகஸ்தர், திரையரங்கு உரிமையாளர் அமைப்போடு சேர்ந்து நின்று புறக்கணிப்புக்கு அழைத்தது என்பதே அங்கே காரணமாக வருகிறது. காரணத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் நம் வழக்குச் சுருக்கங்கள் எடுத்துக்கொண்டன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நான் இதைச் சொன்னபோது, நான் மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர், இது சட்டம் அல்ல, இரக்கம் என்றார். இன்றும் அவர்மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 19-ஆவது பிரிவை அவர் எங்கே வைப்பார்? வணிகத்துக்குத் தடையானது என்ற ஒரே காரணத்தால் சங்க உறுப்பினர்களின் உடன்பாடு செல்லாததாகிவிடாது என்று அது சொன்னது. 2002-இல் அது உயிரோடு இருந்த சட்டம். போட்டிச் சட்டத்தில் பிற சட்டங்களை மிஞ்சும் 60-ஆவது பிரிவையும், பிற சட்டங்களோடு இணைந்து செல்லும் 62-ஆவது பிரிவையும் அதோடு வைத்துப் பொருத்திக் காட்டுவது சட்ட வேலைதான்.

இந்தத் தடுமாற்றம் அமெரிக்காவிலும் நேர்ந்தது. டான்பரி தொப்பித் தொழிலாளர் வழக்கில் 1908-இல் அந்நாட்டுப் போட்டிச் சட்டமான ஷெர்மன் சட்டம் தொழிற்சங்கத்தின் மீது பாய்ந்தது. மனித உழைப்பு சரக்கல்ல என்று 1914-இல் கிளேட்டன் சட்டம் எழுதி அதைத் திருத்த வேண்டியதாயிற்று. தனித்து உழைக்கும் சுயதொழிலாளர் கூடிப் பேரம் பேசலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2022-இல் நெறிமுறை வகுத்தது. நமக்கும் நாள் நெருங்கிவிட்டது. செயலி வழியே கார் ஓட்டுபவர் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் ஊழியர் இல்லை, தனி வணிகர். ஓலா, ஊபர் மீதான சமீர் அகர்வால் வழக்கில் ஓட்டுநர்களுக்குள் கூட்டு இல்லை என்று கண்டு, ஆணையம் புகாரை மூடியது. உச்ச நீதிமன்றமும் 2020-இல் அதை ஏற்றது. நாளை ஓட்டுநர்கள் கூடி, கிலோமீட்டருக்கு இதற்குக் கீழே ஓட்ட மாட்டோம் என்றால்? 3(3) பிரிவு அதை விலை நிர்ணயம் என்று கொண்டு, போட்டிக்குக் கேடு என்று எடுத்த எடுப்பிலேயே அனுமானிக்கும். கைப்பேசி மணி அடித்ததும் முந்தித் தொடும் விரல், அன்று வில்லைக்குப் பாய்ந்த கைதான்.

சங்கம் எதைச் செய்தாலும் சரி என்று நான் வாதிடவில்லை. சுமையைத் தொடாமல் பார்த்து நின்றதற்கே நோக்குகூலி கேட்ட வழக்கத்தை இந்த மாநிலமே 2018 மே 1 முதல் விலக்கியது. ஆகவே நான் முன்வைக்கும் உரைகல் இது: கைகோத்தவர்கள் யாரை நோக்கிப் பேசுகிறார்கள்? கூலி கொடுப்பவரை நோக்கி என்றால் அது பேரம், அதற்கு விலக்கு வேண்டும். சக உழைப்பாளியைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது என்றால் அது தடை, அதற்குத் தண்டனை வேண்டும். வினயன் வழக்கு இரண்டாவது வகை. அதைக் காட்டி முதல் வகையை அச்சுறுத்தக் கூடாது.

1969-இன் விலக்கை, செயலித் தொழிலாளரையும் சேர்த்து, சட்டத்தில் மீண்டும் எழுத வேண்டும் என இந்த அவை தீர்மானம் நிறைவேற்றக் கேட்கிறேன். அதுவரை, 3(3) பிரிவை நடத்தும் வாரத்திலேயே அந்த விலக்கையும் சிக்ரி தீர்ப்பின் காரணத்தையும் சேர்த்து நடத்துங்கள். மாலை அமர்வு முடிந்ததும் மாணவர்களைத் துறைமுகக் கரைக்கு அழைத்துப் போகிறேன். என்னோடு மாறுபடுகிறவர்களும் வர வேண்டும். மிச்ச வாதத்தை அங்கே வைத்துக்கொள்வோம்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.