சொன்ன சொல்லும் சிலிக்கான் சில்லும்



என் தொழில், வண்டிக்குள் வைக்கும் கம்ப்யூட்டர். அதனால் ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

2016 அக்டோபரில் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம், இனி வரும் எல்லாக் கார்களிலும் தானாக ஓடுவதற்கான கருவிகள் உண்டு, சாஃப்ட்வேர் பின்னால் வரும் என்று அறிவித்தது. நம்பிப் பலர் முன்கூட்டியே பணம் கட்டினார்கள். 2022-இல் அதன் விலை 15,000 டாலர்!

2019-இல் மூன்றாம் தலைமுறை கம்ப்யூட்டர் வந்தது. பணம் கட்டியவர்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2023-இல் நான்காவது வந்தது. 2024 இறுதியில் வந்த 13-ஆம் பதிப்பு சாஃப்ட்வேர் அதற்கு மட்டும்தான். மூன்றாவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று 2025 ஜனவரியில் ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

காரணம் எளியது. சாஃப்ட்வேரைக் காற்றிலே அனுப்பலாம். மெமரியை அனுப்ப முடியுமா? ஆழாக்குக்குள் ஒரு படி அரிசி கொள்ளுமா, சொல்லுங்கள்?

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களிடமும் விற்பனைப் பிரிவு வந்து, "அடுத்த வருஷம் முடியும்னு போட்டுக்கலாமா சார்?" என்று கேட்கும். இன்னும் எழுதாத சாஃப்ட்வேருக்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்று யாரால் கணக்குப் போட முடியும்? "இன்னைக்கு செய்யறதை மட்டும் போடுங்க" என்று சொல்லுங்கள். வாங்குகிறவர் நம் கணக்கை நம்பித்தான் பணம் கட்டுகிறார்.