கை மறவாத தொழில்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாட்டியத்திற்கு ஒப்பனை செய்துகொண்ட குழந்தைகள் திரைக்குப் பின்னே பொறுமையிழந்து நிற்பதை வரும்போதே பார்த்தேன். ஆகையால் என் பேச்சை நீட்டமாட்டேன். செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "முப்பது ஆண்டுகள் செய்த தொழிலைப் பற்றியே பேசுங்கள்" என்றார். அந்தத் தொழிலுக்குத் தமிழில் பெயர் சொல்வதே ஒரு சிக்கல். மருத்துவமனைகளில் 'ஆக்குபேஷனல் தெரபி' என்பார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழாக்கிக் கொள்ளலாம். அப்பெயரைக் கேட்டவுடன், நோயாளிக்குக் கூடை முடையக் கற்பித்துப் பிழைக்க வழிகாட்டும் வேலை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அவ்வளவுதான் என்றால் அதற்கு ஒரு படிப்பு வேண்டியதில்லை.

தமிழில் தொழில் என்ற சொல்லுக்குச் செயல் என்னும் விரிந்த பொருள் உண்டு. இலக்கணத்தில் 'தொழிற்பெயர்' என்று படித்தோமே, அங்கே வரும் தொழில் அதுதான். பல் துலக்குவதும், சோறு வடிப்பதும், பேருந்துக்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பதும், மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குவதும், மாலையில் திண்ணையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பதும் தொழிலே. நோயினாலோ, விபத்தினாலோ, மனம் உடைந்ததனாலோ இச்செயல்கள் ஒருவர் கையை விட்டு நழுவும்போது, அவற்றை ஒவ்வொன்றாக மீட்டுக் கொடுப்பதே எங்கள் வேலை.

இங்கிலாந்தில் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பவர் 1796இல் திறந்த மனநோயாளர் இல்லத்தில், விலங்குக்குப் பதிலாகத் தோட்ட வேலையும் தையலும் தந்தார்கள். அமெரிக்காவில் 1917இல் இது ஒரு தனித் துறையாக உருப்பெற்றது. நம் நாட்டில் இதற்கெனப் பள்ளி 1950இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் தோன்றியது. அதனை நிறுவிய கமலா நிம்ப்கர் அம்மையார் பிறப்பால் அமெரிக்கர். இத்துறைக்கான உலகக் கூட்டமைப்பு 1952இல் அமைந்தபோது அதை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இச்செய்தியைச் சொல்லும்போது எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு, பொறுத்தருள்க.

சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் 1961 முதல் 1978 வரை தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன் அவர்களை இவ்வூரில் நினைவுகூர்வது பொருத்தம். மலையாளக் குடும்பத்தில் 1923இல் மங்களூரில் பிறந்து, தமிழ்நாட்டு நோயாளிகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் காலத்தில் அங்கே நோயாளிகள் ரொட்டி சுடவும் வேறு கைத்தொழில்கள் செய்யவும் தனி நிலையம் அமைந்தது. 1984இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் மறைந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மலையாளி அங்கே சென்று செய்ததை, இந்தப் பக்கம் வந்து வாழும் நாம் இங்கே எவ்வளவு செய்திருக்கிறோம் என்று நான் சில வேளைகளில் கணக்குப் பார்ப்பதுண்டு.

ஆனால் மருத்துவமனைக்கு நான்கு சுவர் உண்டு. வாயிலில் வந்து நிற்பவருக்கே அது பயன்படும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் வீடற்றோர் 17 இலட்சத்துக்கு மேல். அவர்கள் வாயிலுக்கு வருவதில்லை. நாம்தான் தெருவுக்குச் செல்ல வேண்டும்.

தெருவில் கிடப்பவர் சும்மா கிடக்கிறார் என்று எண்ணுகிறோம். அன்பர்களே, அது போன்ற பிழை வேறில்லை. கடைக்காரர் கதவைத் திறக்க வருமுன் எழுந்து படுக்கையைச் சுருட்ட வேண்டும். கழிப்பிடத்துக்குக் காசு வேண்டும். காசில்லாதவர் இருட்டு விலகுமுன் ஒதுக்கிடம் தேட வேண்டும். பெண்ணானால் அதிலும் பெரும்பாடு. எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும், எந்தக் கோயிலில் எந்த நாள் அன்னம், எந்தக் காவலர் விரட்டுவார், எவர் பாராதது போல் போவார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மூட்டையை விட்டு அகல முடியாது. அகன்றால் அது இருக்காது. மழை வந்தால், நம் ஊரில் ஆண்டுக்கு இருமுறை பருவமழை, எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனையையும் நோயோடு செய்பவரிடம் எத்தனை திறமைகள் எஞ்சியிருக்கின்றன! தெருவுக்குச் செல்லும் எங்களவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். இவர் எதை இழந்தார் என்ற கேள்வி பிறகு வரும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல எனக்கு உரிமையில்லை.

தம்பானூர் பேருந்து நிலையத்தை அடுத்த நடைபாதையில் அந்த முதியவர் இருந்தார். தெருவோர மக்களைக் கவனிக்கும் ஒரு தொண்டுக் குழுவினர் வாரம் இருமுறை அவரைக் காண்பார்கள். நல்ல பிள்ளைகள். மலையாளத்தில் நலம் கேட்பார்கள். அவர் வாய் திறப்பதில்லை. 'ஊமை, புத்தி சரியில்லை' என்று அவர்கள் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. ஓயாமல் பழைய தாள்களைக் கிழித்து மடித்துக்கொண்டிருப்பதே புத்தி சரியில்லை என்பதற்குச் சான்று.

என்னை அழைத்துச் சென்றார்கள். முதல் நாள் நான் எதுவும் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளை நான்காக மடித்தார். விளிம்பில் நகத்தால் ஒரு கீறு. கிழித்த கால்பங்கை இடக்கையில் சுழற்றிக் கூம்பாக்கினார். அடியை ஒரு முறுக்கு முறுக்கி, வாயை உள்ளே மடித்துச் செருகினார். அதன்பின் தலைக்கு மேலே கையை உயர்த்தி, இல்லாத நூலைக் கீழே இழுத்து, பொட்டலத்தைச் சுற்றிக் கட்டி, ஒரு வெட்டு வெட்டி அறுத்தார். பலசரக்குக் கடையில் சாமான் கட்டியவர்களுக்குத் தெரியும், சணல் உருண்டை தலைக்கு மேலே தொங்கும். அந்தக் கை வெகுகாலம் கடையில் நின்ற கை.

அருகே சென்று, "அண்ணாச்சி, சாலைக் கம்போளத்துலயா இருந்தீய?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடை அடைச்சாச்சு" என்றார்.

ஊமை என்று எழுதப்பட்டிருந்தவர் பேசியது எனக்கு வியப்பாக இல்லை. அவருடைய தமிழில் அவரை ஒருவர் விளிப்பதற்கு எத்தனை காலம் ஆயிற்றோ என்பதே என் நெஞ்சை அழுத்தியது. சாலைத் தெருவில் நாள்தோறும் தமிழ் பேசிச் சாமான் வாங்குகிற நாம் எத்தனை பேர் அவரைக் கடந்து சென்றிருப்போம்! நானும்தான்.

இனி என் பிழையையும் சொல்ல வேண்டும். அவர் இசைவு பெற்று அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தோம். கட்டில், மூன்று வேளை உணவு, வெந்நீர் எல்லாம் உண்டு. நான்காம் நாள் காலையில் மீண்டும் நடைபாதையில் இருந்தார். "ஏன் அண்ணாச்சி வந்துட்டீய?" என்றேன். "அங்க இருந்து என்ன செய்யச் சொல்லுதீய?" என்று கேட்டார். காப்பகத்தார் அவருடைய தாள்களைக் குப்பையென்று பெருக்கி எறிந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாள்கள் என்ன என்று அவர்களிடம் நான் சொல்லி வைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு இதையே பாடமாகச் சொன்னவன், உணவும் படுக்கையும் கிடைத்ததும் என் பாடத்தை மறந்துபோனேன்.

இரண்டாம் முறை வேறு வழியில் தொடங்கினோம். பூசைச் சாமான் விற்கும் ஒரு வணிகர் எனக்குப் பழக்கம். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் உறையாகிவிட்டாலும், குங்குமமும் திருநீறும் தாளில் மடித்துக் கேட்பவர்கள் இருக்கிறார்களாம். அவர் பழைய செய்தித்தாளும் ஓர் உருண்டைச் சணலும் தந்தார். காலையில் ஐம்பது பொட்டல உறை மடித்துக் கொடுத்தால் அதற்குக் கூலியும் தருவதாகச் சொன்னார். கூலி என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மனநல நிலையத்தில் இருப்பவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தலாகாது, செய்த வேலைக்குத் தக்க ஊதியம் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே கூறுகிறது. சிகிச்சை என்ற பெயரால் ஏழையிடம் இலவச உழைப்பு வாங்கிய கதைகள் எங்கள் துறையின் பழைய ஏடுகளில் உண்டு. நடைபாதையிலும் அந்த நியாயம் செல்லும் என்பது என் கட்சி.

முதல் கட்டு முடிந்ததும் காப்பி, காப்பியோடு மாத்திரை. மருத்துவர் எழுதிக் கொடுத்தும் அதுவரை தொடாத மாத்திரையை, நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்தபின் தாமே கேட்டு வாங்கினார். பிறகு காலில் இருந்த புண்ணைக் காட்டினார். பிறகு முடி வெட்டிக்கொண்டார். மதுரையில் 'அக்ஷயா' அறக்கட்டளையை 2003இல் தொடங்கிய நாராயணன் கிருஷ்ணன், தெருவோரத்தாருக்கு உணவு கொடுப்பதோடு தம் கையாலேயே முடிவெட்டி முகம் மழித்தும் விடுபவர். அதன் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது.

இப்போது அவர் இன்னொருவரோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறார். சில இரவுகளில் மீண்டும் நடைபாதைக்கே சென்று படுத்துவிடுகிறார். முன்னெல்லாம் அது என்னை வருத்தும். இப்போது காலையில் அறைக்குத் திரும்பி உறை மடிக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன்.

வீடு கொடுத்தபின் என்ன என்பது உலகெங்கும் எழுந்திருக்கும் கேள்வி. நியூயார்க்கில் 1992இல் சாம் செம்பெரிஸ் என்பவர், நோய் தீர்ந்தபின் வீடு என்னும் வழக்கத்தை மாற்றி, முதலில் வீடு, மற்றவை பின்னர் என்று தொடங்கினார். நம் சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக 'பான்யன்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஊருக்கும் உறவுக்கும் திரும்ப முடியாமல் நெடுங்காலம் தங்கிவிட்டவர்களை, நாலைந்து பேராக ஒரு சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில், துணைக்கு ஒருவரோடு குடிவைக்கும் முறையையும் பின்னர்க் கொண்டுவந்தார்கள். அங்கே அடுப்பும் அவர்களுடையது, சந்தைக்குப் போவதும் அவர்கள் வேலை.

நம் திருவனந்தபுரத்திலும் இதற்கு வரலாறு உண்டு. கும்பகோணத்து மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், 1870இல் ஊளம்பாறையில் மனநோயாளர் நிலையம் ஏற்பட்டது. அதன் உள்நிலையைக் கண்டு உள்ளம் பதறிய கவிஞர் சுகதகுமாரி அவர்கள் 'அபயா' அமைப்பைத் தோற்றுவித்தார். 2020இல் அவர் மறையும்வரை இவ்வூரில் ஆதரவற்ற பெண்ணுக்கு அவர் பெயர் ஒரு முகவரியாக இருந்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். தன்னைக் காத்துக்கொள்ள இயலாது மனநோயோடு திரிபவரைக் கண்டால் காவல்துறையினர் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எக்காரணம் கொண்டும் காவல்நிலையச் சிறையில் அடைக்கலாகாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் சங்கிலியால் கட்டுண்டு தீயில் வெந்த 28 உயிர்களை நினைப்பவர்களுக்கு, இச்சட்டத்தின் ஒவ்வொரு வரியும் எத்தனை விலை கொடுத்து வாங்கியது என்பது புரியும். உங்கள் வீட்டு வாசலில் அத்தகைய ஒருவரைக் கண்டால், "விரட்டுங்கள்" என்று காவலரிடம் சொல்லாமல், "மருத்துவமனைக்கு" என்று சொல்லுங்கள்.

நம் சங்கம் ஆண்டுதோறும் உணவுப் பொட்டலம் வழங்குகிறது. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், பசி பசிதான். ஆனால் சென்ற முறை நானும் உடன் வந்து பார்த்தேன். ஒருவர் கையில் பொட்டலத்தை வைத்து அடுத்தவரிடம் நகர அரை நிமிடம்கூட ஆகவில்லை. படம் எடுக்க மட்டும் சற்றுக் கூடுதலாக நின்றோம். தலைவர் அவர்கள் சிரிக்கிறார். அவரும் அந்தப் படத்தில் இருக்கிறார்.

தொண்டுக் குழுவிலுள்ள இளைஞர்களுக்குத் தமிழ் தெரியாது. தம்பானூரிலும் கிழக்குக் கோட்டையிலும் தமிழ் மட்டுமே அறிந்த சிலர் இருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். அவர்களுள் ஒரு பெண்மணி விரலால் எதையோ தொடுத்துக்கொண்டே இருக்கிறாராம். பூக்கட்டுவதாக இருக்கலாம், வலை பின்னுவதாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டும் தெரியாது. நம் தாய்மார்களுள் ஒருவர் அரை மணி நேரம் அவர் அருகே உட்கார்ந்தால் சொல்லிவிடுவார்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் புகைவண்டி நிலைய வாசலில் கூடுகிறோம். மண்டப வாயிலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர் எழுதுகிறவர்கள் தமக்குத் தெரிந்த கைவேலை எதுவோ, அதையும் பக்கத்தில் எழுதுங்கள். குழந்தைகள் காத்திருக்கிறார்கள், நான் இறங்குகிறேன்.